ராக்கியப்பன் உள்ளே இருக்கிறான்

துண்டு உங்களுதுங்களா? எடுத்துக்குங்க. நீங்க எடுத்தீங்கன்னா நான் உக்காந்துக்குவேன்.

பரவால்லீங்க, நின்னதுல ஒண்ணும் கொறஞ்சு போகலை. கண்டக்டர் சொன்னாரு, "துண்டை நகத்திப் போட்டுட்டு உக்காருங்க சார், வந்தா பார்த்துக்கலாம்"னு. பின்னாடி சீட்டுல அந்தம்மா கூடச் சொல்லிச்சு. நான் மாட்டேன்னுட்டேன். சன்னல் வழியா துண்டைப் போட்டு இடம் பிடிச்சவரு டீ குடிச்சுட்டு வரட்டும்னு நின்னுட்டிருந்தேன். இந்த ஆளுக்கு எதோ கோளாறுன்னு நெனைச்சிருப்பாங்க. நெனைச்சுக்கட்டும். அடுத்தவங்க துண்டை நான் தொடறதில்லீங்க. பதினோரு மாசமா தொடறதில்லை. வீட்டுல என் பையன் ஈரத்துண்டை என் நாற்காலி மேல போட்டுட்டுக் காலேஜுக்குப் போயிடுவான். அவன் வர்ற வரைக்கும் நான் கட்டில்ல உக்காந்துக்குவேன். சம்சாரம் திட்டுது, "கையில என்ன வாதமா உங்களுக்கு"ன்னு.

கோயமுத்தூருங்களா? நானும் அங்கதான். உக்கடத்துல எறங்கோணும். சரி, நல்லதாப் போச்சு.

நான் மில்லுல இருக்கறனுங்க. ஹெச்.ஆர். மேனேஜர், பேரு சபாபதி. உடுமலைக்குத் தெக்கால ஒரு நூல் மில்லு. மில்லு பேரு வேண்டாம், கேசு நடக்குது. ஆள் எடுக்கறது, லீவு குடுக்கறது, சண்டை தீர்க்கறது எல்லாம் நம்ம வேலை. அதுக்கு மேல, மில்லுக்குள்ள எதாச்சும் புதுசா கொண்டாரோணும்னா அதுவும் நம்ம தலையிலதான். மிஷினைக் கொண்டாரது சுலபமுங்க. லாரியில வரும், நாலு போல்ட்டைப் போட்டா நின்னுக்கும். மனுசனை மாத்தோணுமே, அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்.

நான் மாத்திக் காட்டினவன். அதை மொதல்லயே சொல்லிடறேன். கேக்கறவங்க எல்லாம் கடைசியில இருந்து பார்க்கறாங்க. மொதல்ல இருந்து பாருங்க, அப்பறம் சொல்லுங்க.

பஞ்சுப் பொதி வந்து எறங்கற எடத்தை ப்ளோ ரூம்னு சொல்லுவோம். அங்க பஞ்சு உடைக்கற மிஷின் இருக்குது, ஒரு ரூம் அளவுக்கு. உள்ள முள்ளு முள்ளா வெச்ச உருளை சுத்தும். ஈரப் பஞ்சு வந்துட்டா அடைச்சுக்கும். அடைச்சா மிஷினை நிறுத்திப்போட்டு ஒரு ஆள் உள்ள பூந்து கையில பிடுங்கி எடுக்கோணும். உள்ள ஆள் இருக்கறப்ப வெளிய எவனாச்சும் சுவிட்சைப் போட்டுட்டா? அதுக்கு எங்க ஆளுங்க ஒரு வழி வெச்சிருந்தாங்க. உள்ள போறவன் தோள்ல கெடக்கற துண்டை எடுத்து சுவிட்ச் கைப்பிடியில கட்டிட்டுப் போவான். பொம்பளைங்கன்னா தலையில கட்டற துண்டு. கட்டினவங்கதான் வந்து அவுக்கோணும். மத்தவங்க தொடமாட்டாங்க. எங்க எம்.டி.யோட அப்பாரு, பெரிய மொதலாளி, அவரே வந்தாக்கூட "யாருதப்பா துண்டு, அவுக்கச் சொல்லு"ன்னு கைகட்டி நிப்பாராம். நாப்பது வருசத்துல ஒருத்தருக்கும் ஒரு நகம் பேரலைம்பாங்க. சொல்லுவாங்க. அதுக்கு ரெக்கார்டு இருக்குதா? இல்லை. ரெக்கார்டு இல்லாததை நான் எப்படீங்க நம்பறது?

நம்ம நூலை வாங்கற வெளிநாட்டுக் கம்பெனியில இருந்து வந்து பார்த்தாங்க. சுவிட்சுல அழுக்குத் துண்டு கட்டியிருந்ததை போட்டோ எடுத்துட்டுப் போயி, இதென்ன மில்லா மாட்டுக் கொட்டகையாங்கற மாதிரி ஒரு மெயில் போட்டாங்க. எம்.டி. என்னையக் கூப்புட்டாரு. "சபாபதி, ஆறு மாசம். துண்டு ஒண்ணு கூட நான் பார்க்கக் கூடாது"ன்னாரு.

அப்படி வந்ததுதான் அந்தப் பெட்டி. சுவிட்சுக்குப் பக்கத்துல ஒரு பெட்டி. ஆளுக்கொரு கார்டு, போட்டோவோட, நம்பரோட. உள்ள போறவன் கார்டைச் சொருகினா கரண்டு கட்டு. ஆபீசுல என் ரூம்ல ஒரு திரை. அதுல அவன் பேரு சிவப்புல வரும். இன்னாரு, உள்ளே, இத்தனை நிமிசம். வேலை முடிஞ்சு வந்து கார்டை உருவினான்னா பச்சை. அவ்வளவுதான். நல்ல சிஸ்டமுங்க. இன்னைக்கும் சொல்றேன், நல்ல சிஸ்டம்.

ஆனா ஆளுங்க ஒத்துக்கோணுமே. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தக் கதை. கார்டு வழுக்குதுங்கறான் ஒருத்தன். போட்டோவுல கறுப்பா விழுந்திருக்கேங்கறா ஒருத்தி. எல்லாத்துக்கும் மேல ராக்கியப்பன்.

ராக்கியப்பன் ப்ளோ ரூம்ல இருபது வருசம். நாப்பத்தி நாலு வயசு இருக்கும். காது ஓரமா நரை. அதிகம் பேசமாட்டான், பேசுனா குத்தலாத்தான் வரும். மீட்டிங்கில எந்திரிச்சுக் கேட்டான்.

"சார், துண்டுன்னா அது என்ற ஒடம்புல கெடந்தது. அதைத் தொட்டா என்னையத் தொட்ட மாதிரி. இந்தக் கார்டு யாருதுங்க?"

"கம்பெனியோடதுப்பா. தொலைச்சா ஃபைன்."

"அப்பக் கம்பெனியோடதைக் கம்பெனிக்காரங்க யாரு வேணாலும் எடுக்கலாம்ங்களா?"

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குக் காது சூடாயிடுச்சு. ஆனா நான் கோவிச்சுக்கலை பாருங்க. அதுக்கு முந்தின மாசந்தான் கொச்சியில ஒரு ஓட்டல்ல மூணு நாள் பயிற்சிக்குப் போயிட்டு வந்திருந்தேன். மாத்தத்தை எப்படிக் கொண்டாரதுன்னு. அதுல ஒண்ணு சொல்லிக் குடுத்தாங்க. எவன் ரொம்ப எதிர்க்கறானோ அவனையே புடிச்சு முன்னாடி நிறுத்துன்னு. முள்ளை முள்ளாலதான எடுக்கோணும். மறுநாளே ராக்கியப்பனை ஆபீசுக்குக் கூப்புட்டு, காப்பி குடுத்து, "உன்னையத்தான் ப்ளோ ரூமுக்கு முன்மாதிரித் தொழிலாளியாப் போட்டிருக்கேன். நீ சொன்னா அங்க இருக்கற மத்த எட்டுப் பேரும் கேப்பாங்க"ன்னேன். சட்டையில குத்திக்க ஒரு பேட்ஜு. வாசல்ல அவன் போட்டோ வெச்சு ஃப்ளெக்ஸ். "நான் மாறிவிட்டேன், நீங்கள்?"னு எழுதியிருந்துச்சு. நான்தான் எழுதினேன்.

அவன் ஃப்ளெக்ஸைப் பார்த்துட்டு, "செத்தவனுக்கு வெக்கற மாதிரி இருக்குது சார்"ன்னான். எகத்தாளந்தான். அப்ப எனக்குச் சிரிப்பு வந்துச்சு.

ஆனா செஞ்சானுங்க. மனுசன் பேரைக் கெடுக்கக் கூடாது. அவன் சொல்லித்தான் மத்தவங்க துண்டைக் குடுத்தாங்க. அதுக்கு ஒரு விழாவே வெச்சோம். துண்டு ஒப்படைப்பு விழா. ஒவ்வொருத்தரா மேடைக்கு வந்து துண்டைக் குடுத்துட்டு ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ் வாங்கிட்டுப் போகோணும். மொதல்ல ராக்கியப்பன். பச்சைத் துண்டு, ரெண்டு பக்கமும் மஞ்சக் கரை. குடுக்கறதுக்கு முன்னால அதை நாலா மடிச்சான். எம்.டி. கைதட்டினாரு. நூத்தி நாப்பத்தி மூணு துண்டு, ரெண்டு சாக்கு ரொம்பிச்சு. மில்லு பூரா ஒரே நாள்ல மாறுச்சு. நூத்துக்கு நூறு. இப்படி ஒரு வேலையை எவன் செஞ்சிருக்கான், சொல்லுங்க?

சன்னலைச் சாத்திக்கலாங்களா? காத்து கண்ணுல அடிக்குது.

கொண்டாரது ஒரு வேலைன்னா, அதை நிக்க வெக்கறது ஒம்பது வேலைங்க. ரெண்டாவது மாசமே ஆரம்பிச்சுட்டாங்க. கார்டைச் சொருகிட்டு வேலை முடிஞ்சும் உருவாம டீ குடிக்கப் போயிடறது. மிஷின் சும்மா நிக்கும், திரையில சிவப்பு நிக்கும். அதுக்கு நான் ஒரு விதி போட்டேன். இருபது நிமிசத்துக்கு மேல சிவப்பு நின்னா அந்த டிபார்ட்மெண்டுக்கு அன்னைக்கு ஸ்டார் கெடையாது. மாசத்துக்கு இருபது ஸ்டார் வாங்கிட்டா ஞாயித்துக்கெழமை எல்லாருக்கும் பிரியாணி. தண்டனை இல்லை பாருங்க, பரிசு. பிரியாணின்னதும் சிவப்பு மளமளன்னு கொறஞ்சுது. பதினெட்டு நிமிசம், பத்தொம்போது நிமிசத்துல டக்குனு பச்சையாயிடும். நான் அதைக் கட்டம் போட்டு எம்.டி.க்கு அனுப்புவேன்.

எப்படிப் பச்சையாச்சுன்னு கேக்கறீங்களா? கேக்கலையா? எல்லாரும் கேப்பாங்க. டீக்குப் போனவனோட கார்டை சூப்பர்வைசருங்க உருவ ஆரம்பிச்சிருக்காங்க. அது எனக்குத் தெரியாது. தெரியாதுன்னா, காதுல விழுந்துச்சு. எழுத்துல வரலை.

ஒரு நா ராக்கியப்பன் கூட ஆபீசு வாசல்ல நின்னு சொன்னான், "சார், கார்டை ஆளாளுக்கு உருவறாங்க, நல்லால்லைங்க"ன்னு. ஒரு கடுதாசியா எழுதிப் புகார்ப் பொட்டியில போடுன்னேன். அவனுக்கு எழுத வராதுன்னு எனக்கு அப்பறந்தான் தெரியும். இருபது வருசம் வேலை பார்த்தவனுக்கு எழுத வருமா வராதான்னு ஹெச்.ஆருக்குத் தெரியலை பாருங்க. கார்டு வாங்கின ஃபாரத்துல கையெழுத்து இருக்குதே. அது அவன் மக போட்டதாம்.

போன கார்த்திகை. விடாத மழை. பஞ்சு பூரா ஈரம். அன்னைக்குன்னு பார்த்து வெளிநாட்டுக்காரங்க திரும்ப வந்திருந்தாங்க, மூணு பேரு. மீட்டிங் ஹால்ல பெரிய டி.வி.யில நம்ம திரையைப் போட்டுக் காட்டிட்டிருந்தேன். முப்பத்தாறு மிஷின், முப்பத்தஞ்சு பச்சை. ப்ளோ ரூம் ரெண்டாம் நம்பர் மட்டும் சிவப்பு. கார்டு நம்பர் முப்பத்தேழு, ராக்கியப்பன், உள்ளே. பதினெட்டு நிமிசம். பத்தொம்போது. இருபது. வந்தவங்கள்ல ஒரு வெள்ளைக்காரம்மா அதையே பார்க்குது. எம்.டி. என்னையப் பார்க்கறாரு. இருபத்தொண்ணு. நான் "எக்ஸ்கியூஸ் மி"ன்னுட்டு வெளிய வந்து இண்டர்காம்ல ப்ளோ ரூமைப் புடிச்சேன். திருமூர்த்தி எடுத்தான். அங்க சூப்பர்வைசர் அவன்தான், இருபத்தேழு வயசு. சிவப்பை எடுன்னு சொன்னேன். அவ்வளவுதானுங்க. சிவப்பை எடுன்னு மட்டும்தான் சொன்னேன்.

திரும்ப ஹாலுக்குள்ள வந்து நின்னேன். டி.வி.யில சிவப்பு போயி பச்சை வந்துச்சு. முப்பத்தாறும் பச்சை. நான் கையைக் காட்டி "ஆல் க்ளியர்"ன்னேன். அந்தம்மா தலையாட்டிச் சிரிச்சுது.

ஒரு சத்தம் கேட்டுச்சுன்னு மில்லுல எல்லாரும் சொல்றாங்க. எனக்குக் கேக்கலை. ஹால் ஏசி. நான் பார்த்தது பச்சையைத்தான். அவன் செத்துட்டிருந்த நேரத்துல நான் அந்தப் பச்சையைக் காட்டிச் சிரிச்சுட்டு நின்னேன்.

தண்ணி இருக்குங்களா? ஒரு வாய் குடுங்க.

அவன் டீக்குப் போகலை. உள்ளதான் இருந்தான். அன்னைக்கு அடைப்பு அப்படி, இருபது நிமிசத்துல எடுக்க முடியற அடைப்பு இல்லை. துண்டு கட்டியிருந்தா மணிக்கணக்கா ஆனாலும் எவனும் கிட்டப் போயிருக்க மாட்டான்னு சொல்றாங்க. சொல்லுவாங்க, ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?

ஒடம்பை ஆஸ்பத்திரியில இருந்து எடுத்துட்டுப் போறப்ப அவன் சம்சாரம் என்கிட்ட வந்துச்சு. அழுகலை. "அவரு துண்டைக் குடுங்க சார். மேல போத்தோணும். பச்சைத் துண்டு, மஞ்சக் கரை"ன்னுச்சு. அவ்வளவுதான் கேட்டுது. நான் ஸ்டோருக்கு ஓடினேன். ரெண்டு சாக்கையும் கேட்டேன். ஸ்டோர்க்காரன் முழிக்கறான். "சார், நீங்கதான் வீணாக்காதேன்னு சொன்னீங்க. எல்லாத்தையும் கிழிச்சு எண்ணெய் தொடைக்கக் குடுத்தாச்சே"ங்கறான். மிஷின் மிஷினாப் போயி பச்சைத் துணியாத் தேடினேன். ஒரு ரெண்டு கை அகலம் கெடைச்சுது, எண்ணெய்யோட. அதை எப்படீங்க குடுக்கறது? கடையில புதுத் துண்டு வாங்கிட்டுப் போனேன். சரியான பச்சை கெடைக்கலை. அந்தம்மா வாங்கிப் பார்த்துட்டுத் திருப்பிக் குடுத்துருச்சு. என் வீட்டு பீரோவுல இருக்குது. யாரையும் தொட விடறதில்லை.

பொள்ளாச்சி வந்துருச்சா? எறங்கி எதாச்சும் சாப்பிடறதுன்னா சாப்பிடுங்க. இல்லைங்களா? சரி.

நீங்க நெனைப்பீங்க, அதோட அந்தப் பெட்டியைப் பிடுங்கி எறிஞ்சிருப்பாங்கன்னு. இல்லீங்க. எடுத்தா தப்பை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்னு வக்கீல் சொல்லிட்டாரு. பெட்டி இருக்குது, கார்டு இருக்குது, திரை இருக்குது. பராமரிக்கறது நான்தான். கேசு முடியற வரைக்கும் ராக்கியப்பன் பேரை லிஸ்ட்டுல இருந்து எடுக்கக் கூடாதுன்னும் சொல்லிட்டாரு.

காரியம் முடிஞ்சு மறு வாரம். காலைல பதினோரு மணி சுமார். என் ரூம்ல உக்காந்திருக்கேன். ப்ளோ ரூம் ரெண்டாம் நம்பர் சிவப்பாச்சு. பார்க்கறேன். முப்பத்தேழு, ராக்கியப்பன், உள்ளே, ஒரு நிமிசம்.

எனக்கு எந்திரிக்க வரலை. உள்ளே, ரெண்டு நிமிசம். உள்ளே, மூணு நிமிசம். ஏழாவது நிமிசத்துல பச்சையாச்சு. நான் வேர்த்து ஊத்தி உக்காந்திருக்கேன். அவன் கார்டு போலீஸ்ல இருக்குது. நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. அப்பறம் யாரு சொருகினது? சிஸ்டம் போட்டுக் குடுத்த கம்பெனிக்குப் போன் பண்ணினேன். அந்தப் பொண்ணு பார்த்துட்டு, "எங்க பக்கம் கோளாறு இல்லை சார், கார்டு சொருகினா பேரு வரும்"ங்குது.

மறுநாளும் வந்தான். அதுக்கு மறுநாளும். சில நாள் ரெண்டு தரம். பட்டப்பகல்லீங்க. வெளிய வெய்யிலு, ஜனம், கேன்டீன்ல போண்டா வாசம். திரையில மட்டும் அவன் உள்ள இருப்பான். நான் ஆளை அனுப்பலை. யாரை அனுப்பறது, என்னன்னு சொல்லி அனுப்பறது? நானும் போகலை. பயமுங்க. சொல்றதுக்கு வெக்கமென்ன, பயம். பச்சையாகற வரைக்கும் மூச்சைப் புடிச்சுட்டு உக்காந்திருப்பேன். சம்சாரம் பண்ணாரி அம்மன் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயி கயிறு கட்டுச்சு. பாருங்க, இன்னும் இருக்குது.

ஒரு நா நிமிசம் ஏறிட்டே போச்சு. பதினெட்டு. பத்தொம்போது. இருபது. நிக்கலை. இருபத்தொண்ணுன்னு வந்தப்ப என்னால முடியலீங்க. எந்திரிச்சு ஓடினேன். செருப்பு கூடப் போடலை. ப்ளோ ரூமுக்குள்ள போனா மிஷின் நிக்குது. ஆளுங்க எல்லாம் தள்ளி நிக்கறாங்க. பெட்டியில கார்டு. அவன் போட்டோ என்னையப் பார்க்குது. மிஷினுக்குள்ள இருந்து ரெண்டு காலு தெரியுது.

அது துளசிமணி. அங்க வேலை செய்யற பொம்பளை, அம்பது வயசு. அவ கால்தான். ஆனா அந்த ஒரு நொடி எனக்கு எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியலை. அவ வெளிய வந்து பஞ்சைத் தட்டிட்டு, சாவகாசமா கார்டை உருவி இடுப்புல சொருகினா.

"ஏது இது?"ன்னேன்.

"மொதல்ல குடுத்த கார்டைத் தொலைச்சுட்டாருங்கல்ல சார், நீங்க ஃபைன் போட்டு வேற குடுத்தீங்க. தொலைஞ்சது பஞ்சுக்குள்ள கெடந்துச்சு, சொருகிப் பார்த்தோம், வேலை செஞ்சுது."

"உனக்கு உன் கார்டு இல்லையா? எல்லாரும் இதையேதான் போடறீங்களா?"

"எட்டுப் பேரும் இதைத்தான் போடறோம்."

"எதுக்கு?"

அவ கோவிச்சுக்கலை. வெவரம் கெட்டவனுக்குச் சொல்ற மாதிரி சொன்னா.

"உசுரோட இருக்கறவங்க பேருன்னா நீங்க எடுத்துருவீங்க சார். செத்தவரு பேரை எடுக்கறதுக்கு உங்களுக்குக் கை வருமா?"

கொச்சியில மூணு நாள் உக்காந்தேனே, இதுக்கு அங்க பதில் சொல்லிக் குடுக்கலீங்க. நான் திரும்பி வந்துட்டேன். ரிப்போர்ட் பண்ணலை. கார்டு போடறதுல இப்பவும் ப்ளோ ரூம் நூத்துக்கு நூறுன்னுதான் மாசக் கட்டம் காட்டுது. அந்தக் கார்டை யாரும் தொடறதில்லை. அரை மணி நேரம் சிவப்பு நின்னாலும் தொடறதில்லை. எம்.டி.யே ஒரு தரம் பக்கத்துல வந்து பார்த்துட்டுத் தொடாமப் போயிட்டாரு. காரணம் தெரிஞ்சுட்டா பயம் போயிடும்பாங்க. எனக்குப் போகலை. தெனமும் பதினோரு மணிக்கு அவன் உள்ள போறான். நான் நிமிசத்தை எண்ணிட்டு உக்காந்திருக்கேன்.

துளசிமணி "நீங்க எடுத்துருவீங்க"ன்னு சொன்னா, கவனிச்சீங்களா? "சூப்பர்வைசர் எடுத்துருவாரு"ன்னு சொல்லலை.

கேசு திருமூர்த்தி மேலதான். கார்டை உருவினது அவன், சுவிட்சைப் போட்டது அவன். நாப்பது நாள் உள்ள இருந்துட்டு ஜாமீன்ல வந்திருக்கான். வேலை போச்சு. கொழந்தைக்கு அஞ்சு மாசம். போலீஸ்ல அவன் சொல்லியிருக்கான், ஹெச்.ஆர். சார் போன் பண்ணினாருன்னு. இண்டர்காமுக்கு ரெக்கார்டு கெடையாது. என்னையக் கேட்டாங்க. நெனைவில்லைன்னுட்டேன். இன்னைக்கு மத்தியானம் ஃபேக்டரி ஆய்வாளர் ஆபீசுல விசாரணை. அதுக்குத்தான் போயிட்டிருக்கேன். நான் ஒத்த வார்த்தை சொன்னா அவன் மேல இருக்கற பாரம் பாதி எறங்கும். சொல்லாட்டி முழுசும் அவன் தலையில.

உங்களை எனக்குத் தெரியாது, என்னைய உங்களுக்குத் தெரியாது. கிணத்துக்கடவு தாண்டியாச்சு. இன்னும் அரை மணி நேரத்துல நீங்க ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அதனால சொல்றேன். நுணலும் தன் வாயால கெடும்பாங்க, கெட்டுட்டுப் போகுது. சம்சாரத்துக்கிட்டக் கூடச் சொல்லலை.

சிவப்பை எடுன்னு மட்டும் சொல்லலீங்க. நான் எடுன்னதும் திருமூர்த்தி கேட்டான், "சார், உள்ள ஆள் இருக்காங்க போல, ஒரு எட்டுப் பார்த்துட்டு எடுக்கட்டுங்களா?"ன்னு. கேட்டான். தெளிவாக் கேட்டுச்சு. நான் சொன்னேன், "டீக்குப் போயிருப்பான். பார்த்துட்டு நிக்கறதுக்கு நேரமில்லை. எடுத்துட்டு ஓட்டு. வெள்ளைக்காரங்க கீழ எறங்கறப்ப மிஷின் ஓடிட்டிருக்கோணும்." அரை நிமிசம் கூட இருக்காது. அந்தப் பையன் "சரிங்க சார்"ன்னான்.

ஒண்ணும் சொல்லாதீங்க. நீங்க எது சொன்னாலும் நான் ராத்திரியில எனக்கு நானே சொல்லிக்கிட்டதுதான்.

வக்கீல் ஒரு வாக்குமூலம் டைப் பண்ணிக் குடுத்திருக்காரு. இந்தப் பையில இருக்குது. "அன்றைய தினம் நான் எந்தச் சூப்பர்வைசரையும் தொலைபேசியில் தொடர்பு கொள்ளவில்லை." நல்லாத்தான் எழுதியிருக்காரு. எம்.டி. தோள்ல கையைப் போட்டு, "சபாபதி, உங்க பையன் படிப்பு நம்ம பொறுப்பு"ன்னாரு. கையெழுத்துப் போட்டாச்சுங்க. நேத்தே போட்டாச்சு.

என்னையத் தொந்தரவு பண்றது அது கூட இல்லை. காலைல ஆறு மணிக்குத் திருமூர்த்தி போன் பண்ணினான். கோவமாப் பேசுவான்னு பார்த்தேன். "சார், நீங்க வர்றீங்கன்னு கேள்விப்பட்டேன். அன்னைக்கு உங்களுக்கு அதிர்ச்சி, அதான் நெனைவில்லைன்னீங்கன்னு வீட்டுல சொல்லிட்டே இருக்கேன் சார். நீங்க வந்து நடந்ததைச் சொன்னாப் போதும்"ங்கறான். பஸ்ஸு எப்ப வருதுன்னு கேட்டான். அந்த ஆபீசு உள்ள சந்துக்குள்ள இருக்குதாம், எனக்கு வழி தெரியாதாம், உக்கடத்துல வந்து நின்னு வண்டியில கூட்டிட்டுப் போறானாம். சரிப்பான்னேன்.

உக்கடத்துல எறங்கினதும் அவன் கண்ணுல படாம ஆட்டோ புடிச்சுப் போயிடலாம்னு இருந்தேன். உக்கடத்துக்கு முந்தின ஸ்டாப்புலயே எறங்கிடலாம்னு கூட நெனைச்சேன். உங்களோட பேசிட்டே வந்துட்டேன்.

உக்கடம் வந்துருச்சுங்களா? இருங்க, அவசரமில்லை, எல்லாரும் எறங்கட்டும். நீங்க போங்க, நான் கடைசியா எறங்கிக்கறேன்.

அதா நிக்கறான் பாருங்க. வெள்ளைச் சட்டை. இளைச்சுட்டான். சன்னல் சன்னலாத் தேடறான். பார்த்துட்டான். மேல ஏறி வர்றான்.

வாப்பா திருமூர்த்தி. சாப்பிட்டியா? இவரு கூட வந்தவருப்பா, பேச்சுத் துணைக்கு. கொழந்தை எப்படி இருக்குது? ... வேண்டாப்பா, பையை நானே எடுத்துக்கறேன். கனமெல்லாம் இல்லை, ஒரே ஒரு பேப்பர்தான். அட, நீ எதுக்கு... சரி. சரி, நீயே எடுத்துட்டு வா.